காயும் பழமும்: தாயமாடுதலும் வினைக்கொள்கையும்

திருச்சிற்றம்பலம்

வருவனவெல்லாம் வினைப்படியே வருமாயின், கற்பதும் முயல்வதும் எற்றுக்கு என்னும் வினா, சமயநூல் பயில்வார் எவர்க்கும் ஒருகால் எழுந்தே தீரும். இவ்வினா அவைக்களத்து வாதத்தோடு ஒழிவதாயின் அதனால் வருங் கேடு சிறிதேயாம். அஃது அங்ஙனம் ஒழியாது, உள்ளத்துட் புகுந்து, நோயுற்றான் மருந்துண்ணாமைக்கும், மாணாக்கன் பாடம் ஓதாமைக்கும், குற்றஞ் செய்தான் நாணாமைக்கும் துணையாய் நின்றுவிடுகின்றது. 'எல்லாம் என் வினை' என்பார் இருவருள் ஒருவர் அடக்கத்தாற் கூறுவர். மற்றொருவர் சோம்பலாற் கூறுவர். சொல் ஒன்றே, பொருள் வேறு. இவ்வேறுபாட்டை விளக்குதற்கு யாம் ஈண்டு எடுத்துக்கொள்ளுங் கருவி பெரியதொன்றன்று. நம் நாட்டு மகளிரும் சிறாரும் திண்ணையிற் கட்டங் கீறி ஆடும் தாயமே அது.

சிற்றாட்டத்தை ஆராய்ச்சிக்குப் பொருளாக்குதல் இழுக்கன்று. தொல்காப்பியனார் எழுத்ததிகாரத்து, 'வல்' என்னுஞ் சொல் நாய், பலகை என்பவற்றோடு புணருமாற்றை விதந்தோதினர். வல் என்பது ஆடுகருவி என உரையாளர் கொள்வர். இலக்கணம் வகுத்தார்க்கே தனி விதி கூறவேண்டுமளவிற்கு அவ்வாட்டம் அன்று வழக்கிலிருந்தது என்க. கீழடி அகழாய்வில் தந்தத்தாலியன்ற பகடை வெளிப்பட்டமையும் இதற்குச் சான்றாம். இனி, அம்மையும் அப்பனும் கவறாடுதலைப் புராணங்கள் பேசும். எல்லோராவின் 21-ஆம் குடைவரையில் அத்திருக்கோலம் கல்லிற் சமைந்து நிற்கின்றது. ஆகலின் சைவர்க்கு இவ்வாட்டம் அயலானதன்று.

1. ஆட்டத்தின் அமைப்பு

தாயம் இருவர் எதிரெதிர் அமர்ந்து ஆடுவது. வரிசைக்கு ஐந்தாக 25 கட்டங்கள் கீறப்படும். புறச்சுற்றிற் கட்டம் 16; அகச்சுற்றில் 8; நடுவண் ஒன்று. நாற்புறத்து நடுக்கட்டங்களிலும் மையக்கட்டத்திலும் குறுக்குக் கோடுகள் இடப்படும். அங்ஙனம் கோடிட்ட கட்டத்து நிற்கும் காயை எதிரி வெட்டுதல் இயலாது. ஒவ்வொருவர் காயும் தத்தம் புறத்து நடுக்கட்டத்திற் றொடங்கிப் புறச்சுற்றை வலம் வந்து, அகச்சுற்றுட் புகுந்து, ஈற்றில் மையத்தை அடைதல் வேண்டும். இடையிலே எதிரியின் காய் வந்து பொருந்துமாயின் அது வெட்டுண்டு, தொடங்கிய இடத்திற்கே மீளும்.

உருட்டுவன இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றும் நான்கு பக்கமுடையது. ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளி பெற்ற பக்கம் மூன்று. வெறும் பக்கம் ஒன்று. இரண்டினையுங் கூட்டி ஒன்று வருவது தாயம். இரண்டும் வெறும் பக்கமாயின் அது பன்னிரண்டென எண்ணப்படும். தாயம் விழுந்தாலன்றிக் காய் இறங்காது. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு என்பன விழுந்தவழி மறுமுறையும் உருட்டுதல் பெரும்பான்மை வழக்கு.

ஈண்டுச் சொற்களை உற்று நோக்குக. 'தாயம்' என்பது முன்னோர் வழி வரும் உரிமைப்பொருளுக்கும் பெயர். நகர்த்தப்படுவது 'காய்', மையத்தை அடைந்த காய் 'பழம்'. இச்சொற்களை ஆட்டத்திற்கு இட்டவர் யாவர் என அறிதற்கில்லை. ஆயினும் சித்தாந்தம் பயின்றார் செவிக்கு இவை வேறொரு பொருளையும் உடன் கூறுவனவாம். பண்டைவழி வந்த உரிமை ஒன்று வந்தெய்தியபின்னரே உயிர் உடம்பிற் புகுகின்றது. பன்முறை சுழன்று, வெட்டுண்டு மீண்டு, ஈற்றிற் காய் பழமாகின்றது. மலபரிபாகம் என்னுஞ் சொல்லின்கண் உள்ள பாகமும் இப்பழுத்தலே.

ஆயின் உவமை கண்டவிடத்தெல்லாம் எண்ணையும் பொருத்தப் புகுதல் தகாது. தொடங்கிய கட்டம் நீங்க மையம்வரை உள்ள நடை 24 ஆதலைக் கண்டு, இவை ஆன்மதத்துவம் இருபத்துநான்கே என ஒருவர் கூறப் புகலாம். சைவர்க்குத் தத்துவம் 36. இருபத்துநான்கிற்கு மேல் வீடு என்பது நம் கொள்கையன்று. எண் ஒத்தலாற் பொருள் ஒத்ததாகாது என்பது கடைப்பிடிக்க.

2. கற்கப்படுவது யாது?

இவ்வாட்டத்தைப் புதிதாகக் கற்கும் சிறுவன் முதற்கண் கட்டையை உருட்டும் முறையையே கற்க விழைவான். கையை இங்ஙனம் தேய்த்தால் ஆறு விழும், அங்ஙனம் வீசினாற் பன்னிரண்டு விழும் என எண்ணுவான். சின்னாட் பழகியபின் அதன்கண் கற்கத்தக்கது யாதுமில்லை என உணர்வான். கற்கத்தக்கது உருட்டலன்று, நகர்த்தலே என்பது இவ்வாட்டத்தின் முதற்பாடம்.

இரு கட்டைகளும் விழும் வகை 16. அவற்றுட் பன்னிரண்டு வரும் வகை 1; தாயம் 2; இரண்டு 3; மூன்று 4; நான்கு 3; ஐந்து 2; ஆறு 1. ஆகலின் எதிரியின் காய்க்கு மூன்று கட்டம் முன்னே தன் காயை நிறுத்துவோன் பதினாறில் நான்கு பங்கு அச்சத்தை ஏற்கின்றான். ஆறு கட்டம் முன்னே நிறுத்துவோன் பதினாறில் ஒரு பங்கே ஏற்கின்றான். மறு உருட்டு உண்மையின் இவ்வளவுகள் சிறிது மிகும். ஆயினும் அவற்றின் முறை மாறாது. எக்காயை நகர்த்துவது, எக்காயைக் கோடிட்ட கட்டத்திற் காத்து வைப்பது, எப்பொழுது வெட்டுவது, எப்பொழுது வெட்டாது விடுவது என்பனவே ஆடுவோன் அறிவிற்கு உரியன. விழுந்த எண் ஒன்றே. வல்லான் அதனைக்கொண்டு ஒன்று செய்வான், மாட்டாதான் பிறிதொன்று செய்வான்.

பத்து முறை உருட்டியும் தாயம் விழாமற்போதல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிகழக்கூடியது. அக்காலத்து எதிரியின் காய்கள் சுற்றிவர, தன் காய் ஒன்றும் இறங்காமல் ஒருவன் அமர்ந்திருப்பான். அவன் கட்டையைச் சினந்து எறியாமல், முகங்கோணாமல், தன் முறை வந்துழி உருட்டி, வாராதவழி எதிரிக்குக் கொடுத்திருக்கக் கற்பானாயின், அதுவே இவ்வாட்டத்தின் இரண்டாம் பாடம். இதனைக் கற்பிக்கும் ஆசிரியர் அரியர்.

3. மூவகைப் பலகை

நம்மவர் ஆடும் பலகைகளை மூவகையாகப் பகுத்துக் காண்டல் எளிது. சதுரங்கத்திற் கவறு இல்லை. எல்லாம் ஆடுவோன் மதியே. அப்பர் பெருமானாற் பாடப்பெற்ற திருப்பூவனூரில் இறைவன் சதுரங்க வல்லபநாதர் என்னுந் திருநாமத்தோடு எழுந்தருளியிருத்தல் யாவரும் அறிவர். பரமபதப் பலகையிலோ மதி சிறிதும் இல்லை, எல்லாம் கவறே. தாயத்தில் இரண்டும் உள.

சதுரங்கம் ஒன்றனையே உலகியலுக்கு உவமையாக்குவார் முயற்சியே எல்லாந் தரும் என்னும் கொள்கையர். அவர், ஒருவன் செல்வர் மனையிலும் மற்றொருவன் வறியர் குடிலிலும் பிறத்தற்கும், ஒருவன் கண்ணொளியோடும் மற்றொருவன் அஃதின்றியும் தோன்றுதற்கும் காரணங் காட்டமாட்டார். முதற் காய் நகர்த்துமுன்னரே பலகை வேறுபட்டிருத்தலை அவர் காணாதொழிந்தனர்.

பரமபதமோ மற்றொரு குற்றமுடையது. ஏணியின் அடியில் நல்வினையின் பெயரும், பாம்பின் தலையில் தீவினையின் பெயரும் எழுதப்பட்டுள்ளன. ஆயின் ஆடுவோன் ஏணியை விரும்பி ஏறுதலுமில்லை. பாம்பை அறிந்து விலகுதலுமில்லை. விழுந்த எண்ணே அவனை நல்லவனாகவும் தீயவனாகவும் ஆக்குகின்றது. அதனைச் சிறார்க்குப் பொழுதுபோக்காகவும், விழித்திருத்தற்குத் துணையாகவும் கொள்ளுதலில் இழுக்கில்லை. அறத்தைக் கற்பிக்குங் கருவியாகக் கொள்வோமாயின், அஃது ஆசீவகன் கூறும் நியதிவாதத்தையே கற்பிப்பதாய் முடியும். செய்வான் இச்சையின்றி எய்தும் புண்ணியம் புண்ணியமாகாது, பாவமும் அற்றே.

ஈண்டு ஒரு சொல்லைப் பிரித்துணர்தல் வேண்டும். நம் சித்தாந்தத்தும் நியதி என்பதொரு தத்துவம் உண்டு. அது வித்தியாதத்துவம் ஏழனுள் ஒன்று. அவரவர் வினைப்பயனை அவரவரே நுகருமாறு வரைந்து நிறுத்துதல் அதன் தொழில். தாயத்தில் என் உருட்டு எனக்கும் நின் உருட்டு நினக்கும் உரியதாதல் போல்வது அது. அந்நியதியோடு உடன் எண்ணப்பட்டனவே, ஆணவத்தைச் சிறிது நீக்கி உயிரின் செயலாற்றலை எழுப்பும் கலையும், அறிவை விளக்கும் வித்தையும், விழைவை எழுப்பும் அராகமும். உருட்டை வரையறுத்த இறைவனே நகர்த்தும் அறிவையும் உடன் தந்தான் என்பது இதனாற் பெறப்படும். ஆகவே கற்றலும் முயலுதலும் திருவருளுக்குப் புறம்பாய் உயிர் தானே செய்துகொள்வனவல்ல. திருவருள் உயிர்க்கு அளித்த விளக்கே அவை. அவ்விளக்கை ஏற்றாது இருளைப் பழித்தல் எங்ஙனம் பொருந்தும்?

4. உவமையின் எல்லை

கடா: அங்ஙனமாயின் கட்டையில் விழும் எண்ணே பிராரத்தம் என்றும், காயை நகர்த்துதலே ஆகாமியம் என்றும் கொள்ளலாமோ?

விடை: ஒருபுடை கொள்ளலாம், முற்றும் கொள்ளலாகாது. நுகர வந்தது முன்னை வினை, நுகருங்கால் விருப்பு வெறுப்பினால் ஏறுவது பின்னை வினை என்னும் அளவில் உவமை பொருந்தும். ஆயின் இரண்டு வேறுபாடுகள் உள. அவற்றை மறந்தவழி உவமை நஞ்சாகும்.

முதலாவது, கட்டைக்கு நினைவில்லை. பத்து முறை தாயம் விழாமற்போயினும் பதினோராம் முறை அது விழும் வகை பதினாறில் இரண்டே, கூடவுமில்லை, குறையவுமில்லை. வினையோ அங்ஙனமன்று. செய்தது செய்தானைத் தொடர்ந்து, ஏற்ற காலத்துப் பயன்படும். கடன்பட்டது போல நிற்பது வினை, கடனறியாதது கட்டை. சூதாடி, 'இத்துணை முறை இழந்தேன். இனி எனக்கு வரவேண்டும்' என எண்ணிப் பின்னும் பணயம் வைக்கின்றான். அவன் கட்டையை வினையாக எண்ணுகின்றான். வினைக்கே உரிய முறைமையைக் கட்டையினிடத்து எதிர்பார்த்துக் கெடுகின்றான். சோம்பனோ, 'எது விழுமோ அது விழும்' எனக் கைகட்டி இருக்கின்றான். அவன் வினையைக் கட்டையாக எண்ணுகின்றான். தான் விதைத்ததே விளையும் என்பதனை மறந்து கெடுகின்றான். இருவர் பிழையும் ஒன்றன் புறமும் அகமுமாம்.

இரண்டாவது, விழுந்த எண் வினைப்பயனன்று. அதனால் எய்தும் இன்ப துன்ப நுகர்ச்சியே வினைப்பயன். மூன்று விழுந்தவழி வெட்டினவன் மகிழ்கின்றான், வெட்டுண்டவன் வருந்துகின்றான். எண் ஒன்றாயிருப்ப நுகர்ச்சி இரண்டாதலின், இன்பமும் துன்பமும் கட்டையில் இல்லை என்பது தெளிவு. கட்டை சடம், வினையும் சடம். சடம் தன்னையும் அறியாது, தன்னை நுகர்வானையும் அறியாது. இன்ன நுகர்ச்சி இன்னார்க்கு எனக் கூட்டுவிப்பான் ஒருவன் வேண்டும் என்பது பற்றியே, வினையே பயன் தரும் என்பார் கூற்றை நம் ஆசிரியர் மறுத்தனர். மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தும், அதன் வழிநூலாகிய சித்தியாரினும், சிவஞான முனிவர் மாபாடியத்தும் இப்பொருள் விரிந்து கிடத்தலின் ஈண்டு விரித்திலேம்.

கடா: இறைவன் கூட்டுவிப்பானாயின், என் எதிரிக்குப் பன்னிரண்டும் எனக்கு இரண்டும் விழச்செய்தமை ஓரமன்றோ?

விடை: அன்று. வெற்றி நன்று, தோல்வி தீது என நீ முன்னரே முடிவுகட்டிக் கேட்கின்றாய். வென்றானுக்கு அது செருக்காய் விளைந்து மேலும் பிணிப்பாதலும், தோற்றானுக்கு அது பொறையாய் விளைந்து பக்குவமாதலும் கண்கூடு. பிணி தீர்ப்பான் ஒருவனுக்கு இனிப்பும் ஒருவனுக்குக் கசப்பும் அளித்தல் ஓரமன்று. இரண்டனையும் ஒப்ப நோக்கும் நிலை வருங்காலையே இருவினையொப்பு என்பது வந்ததாம். அஃதாவது, நல்லதும் தீயதும் வாராதொழிதலன்று. வந்தவழி உள்ளம் ஒன்றன்பாற் சாயாதொழிதல்.

5. நளனும் தருமனும் கற்றது

கவறாடிக் கெட்டார் வரலாறு பலரும் அறிந்ததே. அவ்விருவரும் பின்னர் அதனைக் கற்றனர் என்பதனைப் பலர் நினைந்திலர். நளன் முதலிற் புட்கரனோடு ஆடியகாலை அவனுட் கலி புகுந்திருந்தான். நாடும் அணியும் இழந்து, வாகுகன் என்னும் பெயரோடு அயோத்தி மன்னனாகிய இருதுபன்னனுக்குத் தேரோட்டியாய் இருந்து, ஒருநாள் வழியிடைத் தான்றிமரத்தின் இலையையும் காயையும் கண்ட அளவில் எண்ணிக் கூறும் ஆற்றலை அம்மன்னன்பாற் கண்டு வியந்தான். பரிநூலின் உட்பொருளைக் கொடுத்துக் கவறுநூலின் உட்பொருளைப் பெற்றான். பெற்ற அப்பொழுதே கலி அவனை விட்டு நீங்கினான் என்பது பாரதம். கவறு அவனைக் கெடுத்திலது. எண்ணறியாது வேட்கையொன்றே கொண்டு ஆடியமையே கெடுத்தது. தான்றிக்காயே பண்டைக் கவறாயிருந்தமையின், அம்மரத்தடியில் இது நிகழ்ந்தமை பொருத்தமுடைத்து.

தருமனும் வனத்திற் பிருகதசுவ முனிவர்பால் நளன் கதை கேட்டு, ஈற்றிற் கவறின் உண்மையைக் கற்றான். கற்றபின் விராடன் அவையிற் கங்கன் என்னும் பெயரோடு கவறாடுந் துணைவனாய் ஓராண்டு கழித்தான். அங்கே அவன் கெட்டிலன். முன்னர் ஆடியதும் அவனே. பின்னர் ஆடியதும் அவனே. இடையிற் புகுந்தது கல்வி. எல்லாம் ஊழ் என்பார், அவ்வூழினுள்ளே இக்கல்விக்கும் இடன் இருந்தமையை நோக்குவாராக.

6. மூர்க்க நாயனார்

இனி, இப்பொருளைச் சைவர் ஆராயுங்கால் விலக்கிச் செல்லலாகாத இடம் ஒன்று உண்டு. தொண்டை நாட்டுத் திருவேற்காட்டிலே வேளாளர் குலத்துத் தோன்றிய மூர்க்க நாயனார், சிவனடியார்க்கு நாள்தோறும் அமுதளித்துத் தம் பொருளெல்லாம் செலவிட்டபின், தாம் முன்பு கற்றிருந்த சூதினையே அத்தொண்டிற்கு வாயிலாகக் கொண்டனர். தம் ஊரில் ஆடுவார் இன்மையின் பிறவூர்களுக்குச் சென்று, குடந்தையை அடைந்து ஆடினர். முதலாட்டம் தோற்றுப் பின்னர் வென்றனர். தோற்றும் பொருளை மறுத்தாரைச் சுரிகையாற் குத்தினர். வென்ற பொருளைத் தம் கையால் தீண்டாது அமுதாக்குவார் கொள்ளச் செய்து, அடியார் உண்டபின் கடைப்பந்தியில் உண்டனர்.

திருவள்ளுவர் சூது என ஓரதிகாரமே வகுத்து, வெற்றியுங்கூட வேண்டற்பாலதன்று என விலக்கியிருக்க, இச்செயல் அறமாமாறு எங்ஙனம்? பயன் நன்றாயின் வாயில் யாதாயினும் ஆகுக என்பதோ சைவர் துணிபு? அன்று. அங்ஙனமாயிற் களவுசெய்து அன்னமிடுவானும் நாயனாராவான். பயன் வாயிலைத் தூய்மை செய்யாது. தூய்மை செய்வது 'யான் எனது' என்பது அறுதலேயாம். இறைபணி நிற்றலை மெய்கண்டார் பத்தாஞ் சூத்திரத்து ஓதினர். அந்நிலையின் நின்றார் செயல் வினையாய் அவரைப் பற்றாது. நாயனார்பால் அந்நிலை உண்மைக்கு அடையாளம் இரண்டு: பொருளைத் தீண்டாமை ஒன்று, கடைப்பந்தி ஒன்று. சூதாடியின் கை முதலிற் பொருளையே நாடும். அவன் வயிறு முதற்பந்தியையே நாடும். இவ்விரண்டும் அற்றவிடத்துச் சூதாடி என்பான் இல்லை. சூது மட்டுமே எஞ்சியது.

சுரிகையோ எனின், அதனைச் சேக்கிழார் பெருமான் மறைத்திலர். அதுபற்றி வந்த பெயராலேயே அவர் தொகையுள் வணங்கப்பெறுகின்றார். யாமும் அதனை மென்மைப்படுத்தப் புகுந்திலேம். நாயனார் செயல் வணங்குதற்கு உரியது. மேற்கொள்ளுதற்கு உரிய விதியன்று. விதி வேண்டுவார் குறளைக் கொள்க. நாயனாரைக் காட்டித் தன் சூதினை நாட்டுவான், அவர்தம் கடைப்பந்தியில் ஒருநாளேனும் இருந்து காட்டுவானாக.

7. முடிபு

ஆகவே, தாயமாடுதல் சைவர்க்குத் தகுமோ எனின், பணயமின்றி ஆடுதல் தகும். பணயம் வைத்து ஆடுதல் தகாது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கும் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் 2023-இல் நடைமுறைக்கு வந்தபின்னர், ஓர் ஆட்டம் திறனால் நிகழ்வதோ தற்செயலால் நிகழ்வதோ என்பது வழக்குமன்றத்தில் ஆராயப்பட்டது. அரசியல் முறைக்கு அவ்வாராய்ச்சி வேண்டப்படலாம். அறநூல் முறைக்கு வினா வேறு: பிறன் இழவு என் பேறாகின்றதோ, இல்லையோ? ஆமெனின், திறனால் வென்றதும் தீதே.

இன்னும் ஒன்று. தாயத்தில் ஒருவன் காய் பழமாதற்கு மற்றொருவன் காய் வெட்டுண்ணல் நேர்கின்றது. எதிரியின் காயை ஒருமுறையேனும் வெட்டினாலன்றி அகச்சுற்றுட் புகலாகாது என்பதும் சிலவூர் வழக்கு. திருவருளின்கண் அங்ஙனமில்லை. ஓருயிர் பழுத்தலாற் பிறிதோருயிர் பின்னடைவதில்லை. பழுத்த உயிரின் அண்மையாற் பிறவும் பழுக்கும். அடியார் கூட்டத்தை நம் நூல்கள் வலியுறுத்தியது இதுபற்றியே. உவமை இவ்விடத்து முற்றும் ஒழிகின்றது. ஒழியுமிடத்திலேயே பொருள் விளங்குகின்றது.

பாடங்கேட்கும் இளைஞர்க்கு யாம் கூறுவது இவ்வளவே. விழுந்ததை வினையென்று ஏற்க. நகர்த்துவதை அருளென்று ஏற்க. முன்னதில் முணுமுணுத்தலும் பின்னதிற் சோம்புதலும் ஒருங்கே விடுக. அங்ஙனம் பயின்றார்க்குக் காய் பழமாங் காலம் தானே வரும்; அக்காலத்தை அறிவான் அவன் ஒருவனே.

திருச்சிற்றம்பலம்